கணிப்பா, கண்டுபிடிப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் ஒரு வரி: ‘கணினி மனிதனை மிஞ்சும் நாளே சிங்குலாரிட்டி, அது 2045இல் வரும் என்று விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளனர்.’

கண்டறிந்தார்களாம்! அது ரே குர்ஸ்வைல் என்ற தனி மனிதர் 2005இல் வெளியிட்ட நூலில் போட்ட கணக்கு. மனிதனுக்கு நிகரான இயந்திர அறிவுக்கு அவர் குறித்த ஆண்டு 2029. 2045 அதற்கடுத்த கட்டம். உங்கள் கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

மிஞ்சுவதுதான் அளவுகோல் என்றால், 1997இல் சதுரங்கத்தில் உலகச் சாம்பியன் காஸ்பரோவே கணினியிடம் தோற்றுவிட்டார். மறுநாள் எல்லாரும் வழக்கம்போல வேலைக்குத்தான் போனோம். 1965இல் கணிதவியலாளர் ஐ. ஜே. குட் சொன்னது வேறு. தன்னைவிடத் திறமையான இயந்திரத்தை ஓர் இயந்திரமே வடிவமைத்தால், அது இன்னொன்றை, அது மற்றொன்றை என்று அறிவு பெருகிக்கொண்டே போகும் என்றார். அந்தக் கட்டத்துக்குப் பின் நம் பழைய கணக்குகள் எதுவும் செல்லாது என்று 1993இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் வெர்னர் விஞ்சி அழுத்திச் சொன்னார். சிங்குலாரிட்டி என்று அவர் சொன்னதே அந்த ஊகிக்க முடியாமையைத்தான். நீங்களோ அதற்குப் பிறகு நோய் இராது, வேலை இராது, மரணமும் இராது என்று அரைப் பக்கம் பட்டியல் போட்டிருக்கிறீர்கள். ராசிபலன் எழுதுபவர் அந்த வாரம் அறிவியல் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாரோ?

நான் நிரல் எழுதிப் பிழைத்து ஓய்வு பெற்றவன். மனிதன் செய்யும் எந்த வேலையையும் இருபது ஆண்டுகளில் இயந்திரம் செய்துவிடும் என்று 1965இல் செயற்கை அறிவு ஆய்வாளர் ஹெர்பர்ட் சைமன் எழுதினார். சைமன் சாதாரண ஆளில்லை, பின்னாளில் நோபல் வாங்கியவர். அவர் சொன்ன கெடு முடிந்த 1985இல், நான் இரவெல்லாம் விழித்துச் சம்பளப் பட்டியல் நிரலில் பிழை தேடிக்கொண்டிருந்தேன். பிறகு வேகமான இயந்திரம் வந்தது. அதே பிழை, சற்று விரைவாக வந்தது, அவ்வளவுதான். வேகம் கூடினால் அறிவும் தானாகக் கூடிவிடும் என்பதை என்னைப் போன்றவர்களிடம் சொல்லாதீர்கள்.

செயற்கை அறிவு பற்றி எது வந்தாலும் அந்தச் சிவப்புக் கண் ரோபோ படத்தையே போடுகிறீர்கள். அதைப் பற்றி முன்பு எழுதிய என் கடிதத்தில் நடுப்பத்தியை நீக்கி, நான் படத்தைப் பாராட்டியதுபோல அச்சிட்டீர்கள். உறவினர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நான் கேட்பது ஒரு வரித் திருத்தம். ‘விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளனர்’ என்பதை ‘குர்ஸ்வைல் கணிக்கிறார்’ என்று அடுத்த இதழில் மாற்றிப் போடுங்கள். இந்தக் கடிதத்தை வெட்டுவதாக இருந்தால், தயவுசெய்து முழுவதையும் வெட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் சந்தாவை நிறுத்தாத வாசகன்