திங்கட்கிழமையைக் கொடுத்த அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புடைய ஊராருக்கும், வெளியூரிலிருந்து வந்து எங்களோடு நின்ற அனைவருக்கும் வணக்கம்.

நம் குடிநீர் ஊற்றை உப்பாக்கிய இறால் பண்ணையை எதிர்த்த போராட்டத்தில் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தம்பிகள் மூவரும் நேற்று மாலை வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். வழக்கு எதுவும் இல்லை. பண்ணைக்காரர்கள் ஓடையில் இறக்கியிருந்த குழாயையும் எடுத்துவிட்டார்கள். நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் போராட்டப் பந்தலிலேயே கிடந்தவர்கள். அதனால் பழைய கதையைத் திரும்ப எழுதப் போவதில்லை. இன்னும் சரியான தூக்கம் இல்லை. சொல்வது முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி உங்களில் பெரும்பாலோர் பார்த்திராத ஒருவருக்கு. ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதித் தருகிற ஓர் அம்மா. பெயரை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் அம்மா என்றே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். மனு எழுதுகிறவர்களுக்கு வாரத்தில் நாலு காசு பார்க்கிற நாள் அதுதான். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், பாகப்பிரிவினைத் தகராறு என்று காலையிலிருந்தே அவர் முன்னால் ஆட்கள் நின்றார்கள். நாங்கள் மனு எழுதப் போகவில்லை. எங்களிடம் நான்கு பக்கத்தில் மனு தயாராக இருந்தது. யார் பெயருக்கு எழுத வேண்டும், எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று கேட்க மட்டும்தான் அவரிடம் போனோம்.

அவர் கை நீட்டி அதை வாங்கினார். நான்கு பக்கத்தையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே, "நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்து முடிக்கிற அதிகாரி நாளைக் காலையில் எழுந்து எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்த நான்கு பக்கத்தில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. இன்றைக்கும் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் அவர் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். பண்ணை இருக்கிற இடத்தின் சர்வே எண் என்ன? ஓடை புறம்போக்கா, பட்டா நிலமா? எத்தனை வீடுகள் அந்த ஊற்றில் தண்ணீர் எடுக்கின்றன? எந்த மாதத்திலிருந்து உப்புக் கரிக்கிறது? ஊற்றுக்கும் பண்ணைக் கரைக்கும் எவ்வளவு தூரம்?

"பக்கத்தில்தான் அம்மா" என்றேன்.

"பக்கத்தில் என்று எழுதினால் யாரும் வர மாட்டார்கள். தூரத்தை எழுதினால் சரியா என்று பார்க்கவாவது நாடாவை எடுத்துக்கொண்டு வருவார்கள்."

கடலுக்குப் போகிற தம்பி ஒருவன் சட்டென்று, "ஐம்பது பாகம் இருக்கும்" என்றான். இரண்டு கையையும் விரித்துக் கயிறு அளக்கிற பழக்கம் அவனுக்கு. ஆறடி ஒரு பாகம். அம்மா சிரிக்கவில்லை. காகித ஓரத்தில் பெருக்கிப் பார்த்து, முந்நூறு அடி, ஏறக்குறைய தொண்ணூறு மீட்டர் என்று குறித்துக்கொண்டார். "கண் அளவு போதாது, ஊரில் யாராவது கயிறு பிடிக்கட்டும்" என்றார். போன் போட்டோம். ஊற்றடியில் இருந்த பெண்கள் சிரட்டையையும் குடத்தையும் அப்படியே போட்டுவிட்டு, நைலான் வலைக்கயிற்றை இழுத்துப் பிடித்து அளந்து சொன்னார்கள். தம்பி சொன்னதற்கு இரண்டு பாகம் குறைவாகவே வந்தது.

இதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. அவர் முன்னால் நின்றவர்களில் சிலர் வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்கள். ஒரு பெரியவர் முணுமுணுத்தபோது, "இந்தப் பிள்ளைகளுக்கு இது முதல் மனு, கொஞ்சம் பொறுங்கள் ஐயா" என்றார். ஒரே பக்கத்தில் தட்டச்சு செய்து மூன்று படிகள் கொடுத்தார். ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று முத்திரை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள, ஒன்று யார் கேட்டாலும் கொடுக்காமல் வீட்டில் வைக்க. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

ஒரு மனுவுக்கு உரிய கூலியை எண்ணி வாங்கிக்கொண்டார். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எங்களை ஏழைப் பிள்ளைகள் என்று பார்க்காமல் மனுதாரர்களாகப் பார்த்தார். ஆனால் அந்தத் திங்கட்கிழமையின் மற்ற வருமானம் பெரும்பாலும் எங்களால் அவருக்கு இல்லாமல் போனது, அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தத் தூரம்தான் கடைசியில் எங்களைக் காப்பாற்றியது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005-இல் வந்தது. அதையொட்டி வெளியான நெறிமுறைகளில், இறால் பண்ணை குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று இருப்பதைச் சட்டக் கல்லூரியில் படிக்கும் நம் ஊர்த் தங்கை தேடி எடுத்தாள். அம்மாவுக்கு அந்த விதி தெரியாது. அளக்க வைக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. அதிகாரிகள் நாடா பிடித்தபோதும் 100 வரவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள்.

இளைஞர்கள் போராட்டம் என்று நாம் பேனர் கட்டினோம். 2017 ஜனவரியில் மெரினாவில் கூடியவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த வயது எங்களுக்கு. கூட்டம் கூடினால் நியாயம் கிடைத்துவிடும் என்ற எண்ணம் அப்போதே மனதில் விழுந்திருந்தது. கூட்டம் வேண்டும்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போய் 1996 டிசம்பரில் தீர்ப்பு வாங்கிய காந்தியவாதி எஸ். ஜெகந்நாதனுக்கு அப்போது எண்பது வயதைத் தாண்டியிருந்தது. அவரும் அவர் துணைவி கிருஷ்ணம்மாளும் நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைகளில் பட்ட பாட்டைப் படித்த பிறகு, எங்கள் பேனரில் இருந்த அந்த முதல் சொல் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

அடுத்து, எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். வாடகை வாங்காமல் வேன் அனுப்பிய, நாங்கள் காக்கா என்று அழைக்கும் கீழக்கரை அண்ணனுக்கு, பந்தலுக்குத் தார்ப்பாய் தந்த பாம்பன் அண்ணன்களுக்கு, தண்ணீரின் உப்பைக் கருவி வைத்து அளந்து தேதி போட்டுக் கொடுத்த அறிவியல் ஆசிரியருக்கு, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானத்தை நோட்டில் ஏற்றாமல் நாற்காலியை விட்டு எழ விடாத மகளிர் குழு அக்காமார்களுக்கு, இரவெல்லாம் காவல் நிலைய வாசலில் எங்களோடு நின்ற வழக்கறிஞருக்கு, பள்ளிவாசலிலும் மாதா கோவிலிலும் அம்மன் கோவிலிலும் எங்களுக்காக ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டவர்களுக்கு, பெயர் சொல்லாமல் கஞ்சி வாளியை வைத்துவிட்டுப் போனவருக்கு.

அம்மாமார்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் கடற்கரையில் ஒரு பையன் போராட்டத்துக்குப் போகிறான் என்றால் வீட்டில் அடிக்குப் பயப்படுவதில்லை, பாஸ்போர்ட்டுக்குத்தான் பயப்படுகிறார்கள். பெயரில் ஒரு வழக்கு விழுந்தால் போலீஸ் விசாரணையில் பாஸ்போர்ட் நிற்கும், துபாயும் சவூதியும் போய்விடும், அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்கும். மூன்று தம்பிகளில் ஒருவனுக்கு விசா வந்து காத்திருந்தது. அவன் தாய் பந்தலுக்கு வந்து அவனை இழுத்துக்கொண்டு போவார் என்றுதான் நினைத்தேன். அவர் குடவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினார். மகனுக்கும் ஊற்றினார். ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். லாத்தா (அக்கா), உங்களுக்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வேலை முடிந்துவிடவில்லை. குழாயை எடுத்ததால் ஊற்று நாளைக்கே இனித்துவிடாது, மண்ணில் இறங்கிய உப்பு மழை பெய்து கழுவித்தான் போக வேண்டும். ஒவ்வோர் அமாவாசைக்கும் ஊற்றுத் தண்ணீரின் உப்பை அளந்து நோட்டில் எழுதி வைக்க முடிவு செய்திருக்கிறோம். பண்ணையின் பதிவுச் சான்று பற்றி 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறோம். விதிப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்வோம். அதை எழுதவும் இப்போது எங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. அடங்கல் என்கிற கிராம நிலக் கணக்கைப் பார்ப்பது, சர்வே வரைபடம் படிப்பது, ஒரு பக்கத்துக்குள் மனு எழுதுவது, இவற்றை நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நூலகத் திண்ணைக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். பஸ் செலவு நம்முடையது. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற யாரும் வரலாம். வருகிறவர்கள் வீட்டுப் பட்டா நகலையோ, இல்லையென்றால் வீட்டு வரி ரசீதையோ கையோடு கொண்டுவாருங்கள். அதை வைத்துத்தான் சொல்லித் தருவாராம். நோட்டும் பேனாவும் நாங்கள் வாங்கி வைக்கிறோம்.

நன்றியுடன்,
ஊர் இளைஞர்கள் சார்பில்