மறுப்பவர் அலமாரியில் மறைநூல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடவுள் இல்லை என்பவர்கள் வீட்டில் கீதையும் குர்ஆனும் பைபிளும் எதற்கு, குற்றம் கண்டுபிடிக்கத்தானே என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். குற்றம் காணவும் படிக்கிறோம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு மட்டும் என்றால் பத்து வசனங்களைக் குறித்துக்கொண்டு புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆண்டுக்கணக்கில் கையருகே வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. கடவுளையும் மறுமையையும் மறுத்தவர்களின் பழைய குரல் இன்று பெரும்பாலும் மறைநூல்களிலும் சமய நூல்களிலும்தான் மிஞ்சியிருக்கிறது.

கண்ணால் காணும் இவ்வுலகமே உண்மை என்ற பழைய இந்தியப் பொருள்முதல்வாதிகள் உலகாயதர்; சார்வாகர் என்றும் சொல்வார்கள். அவர்களின் மூலநூல் எனப்படும் பிருகஸ்பதி சூத்திரம் அழிந்துவிட்டது. எதிர்த்தரப்பினர் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய துணுக்குகளே மிச்சம். ஆகவே தேட வேண்டிய இடம் எதிர்த்தரப்பின் ஏடுகள்தாம்.

வால்மீகி இராமாயணத்தில் அயோத்தியா காண்டம் 108ஆம் சர்க்கத்தைப் பாருங்கள் (ஆய்வுப் பதிப்பில் எண் மாறும்). காட்டிலிருக்கும் இராமனிடம் ஜாபாலி என்ற அந்தணர் பேசுகிறார். இங்கே ஒருவர் உண்பது இன்னொருவர் உடலுக்குப் போய்ச் சேருமென்றால், வெளியூர் போகிறவருக்கு வீட்டிலேயே திதி கொடுத்துவிடலாமே, கட்டுச்சோறு எதற்கு என்கிறார். இதே வாதம் 14ஆம் நூற்றாண்டில் மாதவர் எழுதிய சர்வதர்சன சங்கிரகத்தில் சார்வாகர் கூற்றாக வருகிறது. இராமன் சினந்து மறுக்கிறான், ஜாபாலியும் பின்வாங்கிவிடுகிறார். ஆனாலும் அந்த வாதத்தை நீக்காமல் வைத்திருக்கிறது காவியம்.

தமிழில் மணிமேகலையின் 27ஆம் காதையில் பூதவாதி என்ற பொருள்முதல்வாதி பேசுகிறான். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றவற்றோடு கூட்டினால் மதுவில் களிப்புப் பிறப்பதுபோல, நிலம், நீர் முதலான பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும். மறுமை என்பது பொய். புலன்களால் நேரே அறியும் காட்சி ஒன்றே அளவை, அதாவது அறிவுக்கு ஆதாரம், என்பது அவன் வாதம். அப்படியானால் உன் தாய் தந்தையரை, ஊகித்தறியும் அனுமானமின்றி எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை அவனை மடக்குகிறாள். பௌத்தப் புலவர் எழுதிய வாதத்தில் பூதவாதி தோற்காமல் என்ன செய்வான்! இந்தச் சாட்சிகளைப் படிக்கும்போது எழுதியவர் எந்தத் தரப்பு என்பதை ஒரு வரியிலும் மறக்கக் கூடாது.

குர்ஆன் 45:24இல், இவ்வுலக வாழ்வைத் தவிர வேறில்லை, காலமே எங்களை அழிக்கிறது என்று சொல்பவர்கள் வருகிறார்கள். காலத்தைக் குறிக்கும் 'தஹ்ர்' என்ற அந்தச் சொல்லிலிருந்துதான் பின்னாளில் பொருள்முதல்வாதிகளுக்குத் 'தஹ்ரிய்யா' என்ற பெயர் வந்தது. கடோபநிடதத்தில் நசிகேதன் யமனிடமே போய், இறந்த பின் மனிதன் இருக்கிறான் என்பர் சிலர், இல்லை என்பர் சிலர், எது உண்மை என்று கேட்கிறான். பைபிளில் சங்கீதம் 14:1 'தேவன் இல்லை' என்பவனை மதிகேடன் என்கிறது. இங்கே நம்மவர்களும் தவறிவிடுகிறார்கள். அந்தச் சங்கீதத்தை முழுதாகப் படித்தால், தத்துவம் பேசும் நாத்திகனைவிட, 'கேட்பாரில்லை' என்று கேடு செய்பவனையே அது சாடுவது தெரியும்.

ஒற்றை வசனத்தைப் பிய்த்தெடுப்பதுதான் இந்தப் படிப்பைக் கெடுக்கும் முதல் பழக்கம். முன்பின் பத்து வசனங்களாவது படிக்காமல் எதையும் மேற்கோள் காட்டக் கூடாது. அடுத்தது, ஒரே மொழிபெயர்ப்பை நம்புவது. ஏசாயா 7:14இல் பழைய தமிழ்ப் பைபிள் 'கன்னிகை' என்கிறது. எபிரேய மூலத்தில் இருப்பதோ இளம்பெண் என்று பொருள்படும் 'அல்மா'. கன்னி என்ற பொருளில் 'பார்த்தெனோஸ்' என்று போட்டது கிரேக்க மொழிபெயர்ப்பு; மத்தேயு 1:23 அதைத்தான் எடுத்தாள்கிறது. இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்தால்தான் இப்படிப்பட்ட இடங்கள் கண்ணில் படும். அடிக்குறிப்பு இல்லாத பதிப்பு இந்த வேலைக்கு ஆகாது: மாற்கு 16:9 முதல் 20 வரையுள்ள பகுதி மிகப் பழைய இரண்டு கிரேக்கப் பிரதிகளில் இல்லை என்பதை அடிக்குறிப்புதான் சொல்லும். குர்ஆன் மொழிபெயர்ப்பில் அடைப்புக்குறிக்குள் வருவது மொழிபெயர்த்தவரின் விளக்கம். அதை மூலமாக எண்ணி வாதாடுவது வீண். கீதையிலும் சுலோகம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பைபிளை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் சடங்கு விதிகள் நிறைந்த லேவியராகமத்தில் சோர்ந்துவிடுவார்கள். குர்ஆனின் 114 அத்தியாயங்களும் இறங்கிய வரிசையில் இல்லை, பெரும்பாலும் நீளமானவை முன்னால் நிற்கின்றன. கடைசியிலுள்ள மக்காவில் இறங்கிய சிறிய அத்தியாயங்களிலிருந்து தொடங்குவது எளிது. பைபிளில் பிரசங்கி 12 அதிகாரம்தான், ஒரே அமர்வில் முடியும். மனிதனுக்கும் மிருகத்துக்கும் சாவு ஒன்றே என்று 3:19 சொல்வதைப் படித்தவர் புத்தகத்தை எளிதில் மூட மாட்டார். ரிக் வேதத்தில் 10:129, ஏழே மந்திரங்கள். படைப்பு எப்படி வந்தது என்பது மேலே இருந்து பார்ப்பவனுக்குத் தெரியும், அல்லது அவனுக்கும் தெரியாதோ என்று முடிகிறது.

குறிப்புகளைத் தனி நோட்டில், அதிகாரமும் வசன எண்ணும் போட்டு எழுதுவது நல்லது. பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். நூலின் ஓரத்தில் கிறுக்காமல் இருப்பதும், தரையில் போடாமல் இருப்பதும், அதைப் புனிதமாகக் கருதும் நண்பருக்கு நாம் காட்டும் மரியாதை.

சென்ற இதழில் கேள்வி கேட்ட வாசகரிடம் கீதை இருக்கும் என்று நினைக்கிறேன். 16ஆம் அத்தியாயத்தில், உலகுக்கு ஈசன் இல்லை என்பவர்களைப் பற்றிய 8ஆம் சுலோகத்திலிருந்து, அவர்கள் மீண்டும் மீண்டும் அசுர யோனிகளில், அதாவது அசுரப் பிறவிகளில், தள்ளப்படுவதைச் சொல்லும் 19, 20 வரை அவர் படித்துப் பார்க்கட்டும். எங்களைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கும் நூலை நாங்கள் எப்படிப் படிக்காமல் இருப்பது?

இப்படிக்கு,
ஒரு வாசகர்