குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகும்?

அன்புள்ள மாப்ளே,

உன் செய்திகளுக்கெல்லாம் வெறும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போகிறேன் என்று நீ என் வீட்டம்மாவிடம் புகார் கொடுத்த சங்கதி என் காதுக்கு வந்தது. சரி, இந்தா கடிதம். முழங்கால் பரவாயில்லை. அவளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மகன் வழக்கம்போல வீட்டிலேயே ஆபீஸ், வீட்டிலேயே கோபம். பாலக்கரை வீட்டு விஷயமாக உன் அண்ணனிடம் நான் பேசுகிறேன், நீ பேசாதே, நீ பேசினால் அது வீட்டு விஷயமாக இருக்காது.

விசாரிப்பு முடிந்தது. இப்போது கேள். எங்கள் அபார்ட்மென்ட்டில் கலவரம். காரணம் நான்தானாம்.

இங்கே பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸில் படம் போடுவோம் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா. இதுவரை பெரும்பாலும் கிரேஸி மோகன் வசனம் எழுதிய படங்கள்தான். திரையில் ஆள் வாயைத் திறக்கும் முன்பே வசனத்தை நாங்கள் சொல்லி, நாங்களே சிரித்து, சமோசாவைத் தின்றுவிட்டுக் கலைவோம். இந்த மாதம் தேர்வு என் கையில் வந்தது. நான் 'கூழாங்கல்' போட்டேன்.

நீ பார்த்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். எழுபத்தைந்து நிமிஷம்தான், உன் மத்தியானத் தூக்கத்தைவிடக் குறைவு. மதுரைப் பக்கத்துக்காரர் பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம், 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மைப் பரிசான டைகர் விருது வாங்கியது, தமிழுக்கு அது முதல் தடவை. கதை என்று கேட்டால் இவ்வளவுதான்: குடிகார அப்பன், கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன பெண்டாட்டியைக் கூட்டிவரப் பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு போகிறான். அவள் அங்கே இல்லை. திரும்புகிற பஸ் காசைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். பிறகு வெயில், பொட்டல், நடை. இயக்குநரின் அக்காவோ தங்கையோ, கூடப் பிறந்த பெண் ஒருவர் புருஷன் விரட்டிவிட்டதால் கைக்குழந்தையோடு பதின்மூன்று கிலோமீட்டர் நடந்து வந்ததிலிருந்து பிறந்த கதை இது. படத்தில் அந்த நடையை அவர் அந்தப் புருஷன் தலையில் கட்டிவிட்டார். எனக்கு ரொம்பப் பிடித்த பழிவாங்கல் அது.

வெளிச்சம் அணைந்த பத்தாவது நிமிஷமே பின்வரிசையில் போன்கள் மின்ன ஆரம்பித்தன. பாதியில் சிலர் எழுந்து போனார்கள். கடைசியில் ஒரு காட்சி வரும், ஊற்றுக் குழியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, ஊறுகிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கேமரா நகராது. இங்கே கிளப் ஹவுஸில் ஏசி ஓடுகிறது, தட்டில் சமோசா, திரையில் தண்ணீர் ஊறுகிறது. நடுவில் தூங்கி எழுந்து "பஸ் வந்துச்சா?" என்று உன்னை மாதிரி யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். அதைவிட நல்லதாகவே ஒன்று வந்தது. "ஸ்ட்ரக் ஆயிடுச்சு போல, ரிமோட்டைப் பாருங்க சார்."

விளக்கைப் போட்டதும் சண்டை. பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார், நாங்கள் டேம் சார் என்போம். அவர் எழுந்து, தமிழ்நாட்டில் மேட்டூர் இருக்கிறது, வைகை இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு இந்தக் குழியைத்தான் வெள்ளைக்காரனுக்குக் காட்ட வேண்டுமா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 1980இல் இந்தி நடிகை நர்கிஸ், அப்போது மாநிலங்களவை உறுப்பினர், வங்க இயக்குநர் சத்யஜித் ராய் நம் ஏழ்மையை ஏற்றுமதி செய்கிறார் என்று குற்றம் சொல்லிவிட்டு, சரி அம்மா, நவீன இந்தியா என்றால் எதைக் காட்டுவது என்று கேட்டபோது சொன்ன பதிலும் அணைக்கட்டுதான். இதைச் சொன்னால் டேம் சார் பெருமைப்படுவார் என்பதால் சொல்லவில்லை. அந்த ராயும் சும்மா இருக்கவில்லை, எழுபதுகளில் மணி கௌல், குமார் சஹானி என்ற இந்தி இயக்குநர்களின் மெதுவான படங்களைப் பற்றி என்ன காட்டமாக எழுதினார் என்று நம் புரொபசர் நமக்குப் படித்துக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா. அவரவர் பொறுமைக்கு ஓர் எல்லை, அதற்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் பாசாங்கு.

டேம் சாருக்கு எதிர்ப்பக்கம் ஐடி இளைஞர் கூட்டம் ஒன்று. அவர்களுக்குப் படம் பிடித்துவிட்டது, அதாவது பிடித்தாக வேண்டியிருந்தது. "ரா-வா இருக்கு, அங்கிள்" என்றான் ஒருவன். அவன் முக்கால்வாசி நேரம் போன் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பையன் உடைந்த கண்ணாடித் துண்டால் அப்பன் முதுகில் வெயிலைத் திருப்பி அடிப்பானே, அந்த இடத்தைக் கேட்டேன், தெரியவில்லை. வாயில் போட்டுக்கொண்டு வந்த கூழாங்கல்லை வீட்டுக்கு வந்து வைப்பானே, அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் இருக்குமே, அப்படியானால் இந்த நடை எத்தனையாவது நடை என்று யோசித்தாயா என்றேன். யோசிக்கவில்லை. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் அவன்தான் டேம் சாருக்குச் சினிமா தெரியாது என்று எழுதினான். அங்கிருந்து தீ பரவியது. ஒருவர் சமோசாக் காசைத் திருப்பிக் கேட்டிருக்கிறார், நிஜமாக.

இனிமேல்தான் நான் உனக்கு எழுத வந்த விஷயம். சண்டை நடந்துகொண்டிருக்கும்போது பி பிளாக் பாட்டி, கமுதிக்காரர், மகன் வீட்டோடு இருப்பவர், பிளாஸ்டிக் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். போரடித்ததா பாட்டி என்று கேட்டேன். "படம் நல்லாயில்லப்பா" என்றார். சரிதான், கடைசிக் காட்சி ரொம்ப நீளம் இல்லையா என்று நானே எடுத்துக்கொடுத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "எங்கே நீளம்? கொடம் ரொம்பறதுக்குள்ளயே முடிச்சுப்புட்டான். எனக்கு முன்னாடி மூணு பேரு இருந்தா, என் கொடம் ரொம்பி எந்திரிக்க விடிஞ்சு போகும்."

மாப்ளே, மெதுவான சினிமாவைப் பற்றி நானும் நீயும் எவ்வளவு படித்திருப்போம், பேசியிருப்போம், இரண்டு பேருமாகச் சேர்ந்து எத்தனை பேரைக் கொன்றிருப்போம். அந்தக் காட்சி நீளமில்லை, குட்டை என்று சொன்ன ஒரு விமர்சகனைக் காட்டு பார்ப்போம். அதோடு பாட்டி அந்தப் படத்தைப் பாராட்டவும் இல்லை, கவனி. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று துருவினால், இதையெல்லாம் தான் அங்கேயே பார்த்தாயிற்று, மகன் ஃபிளாட் வாங்கியது குழாயைத் திறந்து பார்க்கத்தான் என்கிறார். (2024 கோடையில் இங்கே போர்வெல் வற்றி டேங்கருக்கு நாங்கள் கேட்டில் காவல் கிடந்தபோது பாட்டி ஒருத்தர்தான் பதறாமல் இருந்தார்.) அந்தப் பையன் அப்பனை ஒரு வார்த்தையாவது திருப்பிக் கேட்டிருக்க வேண்டும் என்பதும் அவருடைய குறை. எழுந்து சீரியல் பார்க்கப் போய்விட்டார்.

இப்போது சொல், பாட்டியை எந்தக் கட்சியில் சேர்ப்பாய்? விமர்சகர்கள் கொண்டாடினார்கள், ரசிகர்கள் நிராகரித்தார்கள் என்று எழுதுவார்களே, அந்தக் கணக்கில் பாட்டி நிராகரித்தவர். டேம் சாரும் நிராகரித்தவர். இரண்டும் ஒன்றா? ஒருவருக்கு அது தெரியாத உலகம், தெரிய வேண்டாம் என்கிறார். இன்னொருவருக்கு அது தப்பி வந்த உலகம். என்னையும் உன்னையும் மாதிரி ஆட்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, தப்பி வந்தவரைப் பார்த்து, நீங்கள் இன்னும் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்திருக்கலாம் என்று பாடம் எடுக்கிறோம்.

உடனே நீ பிரான்ஸின் கான் திரைப்பட விழாக் கதையை எடுப்பாய். 1960இல் இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 'லவெஞ்சுரா'வுக்குக் கூச்சல் போட்டார்கள், தீவில் காணாமல் போனவளைக் கடைசிவரை தேடிக் கண்டுபிடிக்காமல் படம் முடிகிறதே என்று. மறுநாளே இயக்குநர் ரொசெலினி உட்படப் பலர் கையெழுத்துப் போட்டு ஆதரவு அறிக்கை விட்டார்கள், ஜூரி பரிசும் கிடைத்தது, 1962இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகை, உலகின் சிறந்த படம் எது என்று விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இரண்டாவது இடம். ஆகவே கூச்சல் போட்டவர்கள் முட்டாள்கள், காலம் பதில் சொல்லும் என்பாய். பத்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் அதே வாக்கெடுப்பில் அந்தப் படம் அப்புறம் படிப்படியாகக் கீழே இறங்கியதை மட்டும் நீ சொல்ல மாட்டாய். காலம் பதிலையும் மாற்றி மாற்றித்தான் சொல்கிறது. 2022இல் பெல்ஜிய இயக்குநர் ஷாந்தால் அகெர்மனின் 'ழான் டீல்மன்' முதலிடத்துக்கு வந்தபோது என்ன நடந்தது? ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல் காட்டுகிற 1975ஆம் வருஷத்துப் படம். மெதுவான சினிமாவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிய அமெரிக்க இயக்குநர் பால் ஷ்ரேடர், படம் பெரிய படம்தான், ஆனால் இந்தத் திடீர்த் தாவல் நம்பும்படியாக இல்லை என்று எரிந்து விழுந்தார். அந்த ஆளுக்கே அந்த எரிச்சல் என்றால் டேம் சாரை என்ன சொல்வது.

'கொட்டுக்காளி' வந்த சமயமும் இதேதான். 2024 ஆகஸ்டில் வினோத்ராஜின் இரண்டாவது படம், பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போய்விட்டு வந்தது. இங்கே தியேட்டரில் பார்த்தேன். சிவகார்த்திகேயன் தயாரிப்பு, சூரி கதாநாயகன், அவருடைய அடிதடிப் படம் 'கருடன்' வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஜனம் எதற்கு வந்திருக்கும் என்று நீயே யோசி. உள்ளே பின்னணி இசை கிடையாது, அன்னா பென் கிட்டத்தட்டப் பேசுவதே கிடையாது, முடிவு என்று ஒன்றும் கையில் கிடையாது. திரை இருண்டதும் என் பின்னால் ஒருவன் கெட்ட வார்த்தையில் ஒன்று கேட்டான். அப்போது எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. இப்போது போஸ்டர் ஒட்டியவர்கள்மேல்தான் வருகிறது. அவன் டிக்கெட் வாங்கியது வேறு படத்துக்கு. இதெல்லாம் தியேட்டருக்கே வரக்கூடாது, நேராக ஓடிடிக்குப் போய்விட வேண்டும் என்று சினிமாக்காரர்களிலேயே சிலர் சொன்னார்கள், அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பெரிய கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து, அடுத்தவன் நெளிவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய படம் அது. (மகனிடம் இதைச் சொன்னேன். "அப்பா, நீங்க படம் பாக்க போறதில்ல, படம் பாக்கறவங்கள பாக்க போறீங்க" என்றான். பயல் உன் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டான்.)

இன்னொன்று. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன், நம் தாடிக்காரனுக்குக்கூடச் சொல்லிவிடாதே.

பாதியில் எழுந்து போனவர்களில் எங்கள் பிளாக்கிலேயே ஒரு பெண் உண்டு. சின்னப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு, படத்தில் அந்த ஆள் பள்ளிக்கூட வாசலில் மகனிடம் உனக்கு அம்மா வேணுமா அப்பா வேணுமா என்கிற மாதிரி நின்ற கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள். போர், பாவம், குழந்தை வேறு என்று நினைத்து நாங்களும் எழுந்து போனவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டோம். டேம் சார் தன் வாதத்துக்கு அதையும் ஒரு சாட்சியாகச் சொன்னார். அன்று ராத்திரி என் வீட்டம்மாதான் சொன்னாள், அந்த வீட்டில் சனிக்கிழமை ராத்திரிகளில் என்ன நடக்கிறது என்று. சுவர் வழியாகக் கேட்குமாம். நம் பக்கத்துச் சுவரா என்றேன், ஆமாம் என்றாள், உங்களுக்குத்தான் ஹெட்போன் இருக்கிறதே என்றும் சொன்னாள்.

அதற்குப் பிறகு இந்தப் படம் நல்ல படமா, மெதுவான படமா என்கிற சண்டையில் எனக்குக் கொஞ்சம் மனசு ஓடவில்லை. வீட்டம்மா அந்தப் பெண்ணிடம் மெல்ல பேச்சுக் கொடுத்திருக்கிறாள். என்ன ஆகும் என்று தெரியவில்லை. நீ உன் தங்கை விஷயத்தில் அந்த வக்கீலம்மாவிடம் போனாயே, அவருக்கு பெங்களூரில் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்களா என்று கேட்டுச் சொல். போனில் சொல், இதை எழுத வேண்டாம்.

செயலாளர் அடுத்த மாதத்துக்குக் கதை உள்ள படம் வேண்டும் என்று அறிவித்துவிட்டார். நான் ஓய்ந்துபோய்விட்டேன் என்று நினைக்காதே. பாட்டிக்குப் பிடித்த மாதிரி ஒன்று கண்டுபிடித்தாக வேண்டும், அதாவது மகன் திருப்பிக் கேட்கிற படம். டேம் சாரும் வருவார், வராவிட்டால் எனக்கே சாமி கும்பிட்ட மாதிரி இருக்காது. உன் பங்குக்கு இரண்டு பெயர் எழுது, ஒன்றாவது நீ முழுதாக விழித்திருந்து பார்த்ததாக இருக்கட்டும். பட்டியலைப் பத்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டுமாம். அண்ணியிடம் நெய் முறுக்கு பார்சல் வந்தது என்று சொல், பாதி பொடி, ஆனால் மிச்சமில்லை.

உன்,
தூங்காதவன்