தவக்காலத்தில் வீகன் ஆகப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய குரல்செய்தியை இரண்டு முறை கேட்டேன். சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) வரை, தவக்காலம் முழுக்க, இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர் எதையும் தொடமாட்டேன், முழு வீகன் என்று சொல்லிவிட்டு, கடைசியில் "அம்மாகிட்ட நீதான் பேசணும்" என்று முடித்திருக்கிறாய். நான் பேசமாட்டேன். நீதான் பேச வேண்டும், அதுவும் சமையலறையில் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், போன வருடம் நான் இதையே செய்தேன் என்பது உனக்குத் தெரியும், எப்படிச் செய்தேன் என்பது தெரியாது. நீ அப்போது விடுதியில் இருந்தாய்.

46 நாளும் ஒரு சொட்டுப் பால் குடிக்கவில்லை. ஞாயிறுகளைக் கழித்தால்தான் தவக்காலம் 40 நாள், ஞாயிற்றுக்கிழமை நோன்பு கணக்கில் வராது, ஆனாலும் நான் அந்த 6 ஞாயிறையும் விடவில்லை. அவ்வளவு வீம்பாக இருந்தேன். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்து போனேன், மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது, அம்மா அடுத்த நாள் எனக்கென்று தனியாகச் செய்வதற்காகக் கொண்டைக்கடலையைக் கழுவி ஊறப் போட்டுக்கொண்டிருந்தார். காலையில் அப்பாவுக்கு ஒரு சமையல், எனக்கு ஒரு சமையல், என் கரண்டியில் வெண்ணெய் படக்கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் எல்லாவற்றிலும் தனிப் பாத்திரம். அடுப்பின் முன்னால் இரண்டு பங்கு நேரம் நின்றது அம்மா. கோவிலில் பார்த்தவர்களிடம் நோன்பு இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டது நான். வாசலில் நின்று அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்த வெட்கம் இப்போது எழுதும்போதும் வருகிறது.

மறுநாளிலிருந்து என் சாப்பாட்டை நானே சமைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கே நான் சமைத்தேன், எல்லாருக்கும் ஒரே சமையல், அப்பாவும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அம்மா உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டதை அன்றுதான் வெகுநாள் கழித்துப் பார்த்தேன்.

யாரும் உன்னிடம் இதைக் கேட்கவில்லை என்பதை முதலில் நினைவில் வை. திருச்சபை கேட்பது கொஞ்சம்தான்: சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு, அது 18 வயது நிரம்பியவர்களுக்கு, 59 வயது நிரம்பும் வரை. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி விலக்கும் சுத்தபோசனம், 14 வயது நிரம்பிய எல்லாருக்கும். பாலுக்கும் முட்டைக்கும் இன்று தடையே இல்லை. ஆக இது முழுக்க நீயாக ஏற்றுக்கொள்வது, அப்படியானால் அதன் வேலையும் உன்னுடையதுதான்.

இதைப் புதுசாக வந்த மோகம் என்று யாராவது சொன்னால் கவலைப்படாதே. வீகன் என்ற சொல்தான் புதுசு, 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் உண்டாக்கியது. வழக்கம் மிகப் பழசு. 692இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய ஆயர்கள், தவக்காலச் சனி ஞாயிறுகளில் சிலர் முட்டையும் பாலாடைக்கட்டியும் சாப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, எந்த விலங்கை விட்டோமோ அதன் விளைச்சல்தானே இவையும், இவற்றையும் விடுங்கள் என்று விதித்தார்கள். எத்தியோப்பிய மரபுவழி (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபையில் இன்றும் உயிர்ப்புக்கு முன் 55 நாள் இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. மேற்குப் பக்கமும் பல நூற்றாண்டுகள் அப்படித்தான் இருந்தது, சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாயில் வீட்டில் இருக்கும் முட்டையையும் வெண்ணெயையும் போட்டு அப்பம் சுட்டுத் தீர்ப்பார்கள். கோழி நோன்பு பார்க்குமா, அது பாட்டுக்கு முட்டை போட்டுக்கொண்டே இருக்கும், சேர்ந்துபோன அந்த முட்டைகளும் உயிர்ப்பு ஞாயிறு விருந்துக்கு வந்தன. பிரான்சில் ரூவான் பேராலயத்தில் வெண்ணெய்க் கோபுரம் என்றே ஒரு கோபுரம் இருக்கிறது, தவக்காலத்தில் வெண்ணெய் சாப்பிட அனுமதி கேட்டவர்கள் கொடுத்த காணிக்கையில் எழுந்தது என்பார்கள். காசு இருந்தவர்கள் காசைக் கொடுத்து நோன்பின் பாரத்தை இறக்கினார்கள். நான் அதை அம்மாவின் தலையில் இறக்கினேன், பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொன்றும் யோசித்துக்கொள். கிரேக்க மரபுவழியினரின் தவக்கால மேசையில் கணவாயும் இறாலும் வரும், தேனும் வரும். வீகன் ஆள் அந்த மூன்றையும் தொடமாட்டார். ஏனென்றால் அவர் கேட்கும் கேள்வி அந்த உயிருக்கு என்ன ஆனது என்பது, நோன்பு கேட்பது எனக்குள் என்ன ஆகிறது என்பது. இரண்டும் நல்ல கேள்விகள். இரண்டையும் சேர்த்தே சுமக்கலாம், பலர் அப்படிச் செய்கிறார்கள், 2019இல் 12 வயதுச் சிறுமி ஒருத்தி திருத்தந்தை பிரான்சிஸையே தவக்காலத்துக்கு வீகன் ஆகச் சொல்லிக் கேட்டாள். ஆனால் உன்னுடையது எது என்று நீ தெரிந்துகொண்டு இறங்கு. உடம்பு இளைக்கும் என்பதும் ஒரு காரணமாக உள்ளே ஒளிந்திருந்தால் அதைத் தனியாக எடுத்து வெளியே வை. எனக்கு அது இருந்தது, நாற்பது நாளில் எட்டு முறை எடை பார்த்தேன், ஒரு முறை பார்க்கும்போதும் செபம் நினைவுக்கு வரவில்லை.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். இறைச்சியை விடுவது கஷ்டமே இல்லை, மூன்றாம் நாளில் மறந்துவிடுவாய். பால்தான் பிடித்து இழுக்கும். காலைத் தேநீரில் பால் இல்லாத முதல் வாரம் தலை வலிப்பதுபோல் இருக்கும், அதை மட்டும் தாண்டிவிடு. பாக்கெட்டில் வருவதையெல்லாம் திருப்பிப் பார், பிஸ்கட்டிலும் ரொட்டியிலும் பால் பவுடர், வே, கேசின் என்று ஏதாவது ஒரு பெயரில் பால் உட்கார்ந்திருக்கும், மிட்டாயில் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. அதற்காக வீகன் சீஸ், வீகன் ஐஸ்கிரீம் என்று தேடிப்போகாதே. விட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு போலியைக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தால் விட்டதாகவே தெரியாது. கால்சியம் சேர்த்த சோயா பால் மட்டும் வாங்கிக்கொள், அது தேவைப்படும்.

உனக்கு ஏற்கனவே இரத்தசோகை இருந்ததால் இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஆரம்பிக்கும் முன் மருத்துவரைப் பார்த்து இரும்புச்சத்தும் பி12ம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள். பி12 செடிகொடிகளிலிருந்து நம்பிக்கையாகக் கிடைக்காது. நல்ல உடம்பில் கல்லீரல் அதை வருடக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும், அதனால் 46 நாளில் பொதுவாக ஒன்றும் ஆகாது, ஆனால் சேமிப்பே குறைவாக இருப்பவர்கள் கதை வேறு. பருப்பு, கடலை, கீரை, எள் இவற்றை மாற்றி மாற்றிச் சாப்பிடு. கீரையோடும் பருப்போடும் எலுமிச்சை பிழிந்துகொள், இரும்பு நன்றாகச் சேரும். தேநீரைச் சாப்பாட்டோடு குடிக்காதே, அது இரும்பைத் தடுக்கும், ஒரு மணி நேரமாவது தள்ளி வை. மருத்துவர் வேண்டாம் என்றால் வேண்டாம், நோயாளிக்குத் திருச்சபையே நோன்பைத் தளர்த்துகிறது.

அப்புறம் காசு. நீ சாப்பிடாமல் விட்டதன் விலையைக் கணக்குப் பார்த்து விதவைக்கும் அநாதைக்கும் கொடு என்று 2ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்திலேயே இருக்கிறது. அதற்கும் முன்னால் எசாயா 58 இருக்கிறது, பசித்தவனோடு உணவைப் பகிர்வதுதானே நான் விரும்பும் நோன்பு என்று கடவுளே கேட்கும் அதிகாரம். இறைச்சிக்கும் பாலுக்கும் ஆகும் செலவை அந்தந்த நாள் இரவே ஒரு டப்பாவில் போடு. வாரக் கடைசியில் போடலாம் என்று வைத்தால் நடக்காது, நான் வைத்துப் பார்த்தேன். யாருக்குக் கொடுக்கிறாய் என்று எனக்குக்கூடச் சொல்ல வேண்டாம்.

எனக்கு இன்னும் தீர்வு தெரியாத ஒரு இடம் இருக்கிறது. நான்காவது வாரத்தில் ஒரு பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன், நம் சொந்தம் இல்லை, தனியாக இருப்பவர். எனக்காகப் பால் காய்ச்சித் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார், கை நடுங்க நடுங்க. நான் வேண்டாம், வீகன் நோன்பு என்றேன். அவருக்கு அந்தச் சொல் புரியவில்லை, தான் போட்டதில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டார். நான் எவ்வளவு விளக்கியும் அந்த முகம் மாறவில்லை. பறவையையும் மீனையும் விட்டுவிட்டுச் சகோதரரைக் கடித்துத் தின்றால் என்ன பயன் என்று பழைய காலத்து ஆயர் புனித யோவான் கிறிசோஸ்தோம் கேட்டது அன்று வீடு வரும் வழியெல்லாம் என்னோடு வந்தது. இன்று அப்படி நடந்தால் குடித்துவிடுவேன். உன் காரணம் அந்த விலங்கு என்றால் நீ குடிக்கமாட்டாய், அதையும் நான் மதிக்கிறேன், அப்படியானால் போகும் முன்பே போனில் சொல்லிவிடு, யாரையும் பால் காய்ச்சவிட்டு மறுக்காதே.

சாம்பல் புதனுக்கு இன்னும் 9 நாள் இருக்கிறது. இன்றைக்கே அம்மாவிடம் பேசு. என்ன சாப்பிடமாட்டாய் என்று ஆரம்பிக்காதே, எந்தெந்த நாள் நீ சமைக்கப்போகிறாய் என்று ஆரம்பி. முந்தின செவ்வாய் இரவு கொண்டைக்கடலையை நீயே கழுவி ஊறப் போடு, நாலு பேருக்கு நாலு கைப்பிடி போதும், தண்ணீர் நிறைய விடு, காலையில் இரண்டு மடங்காக உப்பியிருக்கும். ஊறப் போட்டதும் எனக்கு ஒரு செய்தி அனுப்பு, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா