மரப்பிசின் நீக்கம் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். அடையாறு காந்தி நகரிலும் இந்திரா நகரிலும் மரநிழல் பார்த்துக் கார் நிறுத்தும் தங்களுக்கு, இந்தப் பருவத்தில் பானெட்டின்மேல் என்னென்ன சொட்டும் என்பதை நாங்கள் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் எங்கள் கார் கழுவும் நிலையத்தில் அந்தக் கறைகளை நாங்கள் நீக்கும் விதம் குறித்து, சில குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு புகைப்படம் சுற்றி வருவதால், இம்மடலை எழுத வேண்டியதாயிற்று.

கருநீலக் கார் ஒன்றின் பானெட்டில் நாணய அளவில் பளபளப்பு இழந்த சில வட்டங்கள் அப்படத்தில் தெரிகின்றன. "பிசினை எடுக்கச் சொன்னால் பெயிண்ட்டையே எடுத்துவிட்டார்கள்" என்று அதன்கீழ் எழுதப்பட்டுள்ளது. அந்த வாடிக்கையாளர்மீது எங்களுக்கு வருத்தம் இல்லை. அவர் எப்போது வந்தாலும் வரவேற்போம். எனினும் உண்மையில் நடந்தது என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற படலம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் 40 முதல் 50 மைக்ரான் அளவே, தலைமுடியைவிட மெல்லியது. நம் ஊர் வெயிலில் அடர்நிற பானெட் 70 பாகை செல்சியஸைத் தொடும்போது அப்படலம் இளகுகிறது. அதன்மேல் விழுந்த பிசின் நன்றாகப் பற்றிக்கொண்டு, காய்ந்து சுருங்கும்போது படலத்தையும் சேர்த்து இழுக்கிறது. இப்படிப் பல நாள் நடந்தால் பிசினுக்கு அடியில் தடம் விழுந்துவிடும். பிசின் மூடியிருக்கும்வரை அந்தத் தடம் யாருடைய கண்ணுக்கும் தெரியாது. நாங்கள் அதை எடுத்த பிறகே தெரியும். கடைசியாகக் கைவைத்தவர்மேல் பழி விழுவது உலக இயல்புதான் என்றாலும், எங்களுக்கு அது வலிக்கத்தான் செய்கிறது.

இன்னொன்றும் உண்டு. அந்த பானெட் முன்பே ஒருமுறை பட்டறையில் பெயிண்ட் அடிக்கப்பட்டது. தொழிற்சாலையில் 140 பாகை அளவில் சுட்டு இறுக்கிய பெயிண்ட் தாங்குவதையெல்லாம் பட்டறையில் குறைந்த சூட்டில் உலர்த்திய பெயிண்ட் தாங்காது. வண்டி எங்களிடம் வருவதற்கு முன்பே வீட்டில் தின்னர் போட்டுத் தேய்த்துப் பார்த்ததாக அவரே எங்களிடம் சொன்னார். படத்தின்கீழ் அதை எழுத மறந்திருக்கலாம்.

எல்லாக் கறைக்கும் ஒரே மருந்து என்ற எண்ணமே பாதிச் சிக்கலுக்குக் காரணம். வெளிநாட்டு வீடியோக்களில் காட்டப்படுவது பெரும்பாலும் பைன் மரத்தின் பிசின். அது தண்ணீரில் கரையாது, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போன்ற கரைப்பான்களில்தான் கரையும். கொடைக்கானல் பைன் காட்டருகே நிறுத்திவிட்டு வரும் வண்டிகளுக்கு அந்த முறை சரி. நம் தெருவில் நிற்கும் வேம்பும் முருங்கையும் வடிப்பதோ தண்ணீரில் ஊறி இளகும் பிசின். வெந்நீரில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் போட்டு வைத்தால் பெரும்பகுதி தானாகவே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மாமரத்தின் பால் வேறு வகை. காம்பை ஒடிக்கும்போது தெறித்து, மாங்காயின் தோலையே வேகவைத்துவிடும் அந்தப் பால், பெயிண்ட்டின்மேல் கிடக்கும் ஒவ்வொரு நாளும் சேதம்தான். பூக்கும் காலத்தில் மாமரத்தடிக் கார்மேல் பனிபோலப் படியும் பிசுபிசுப்பு மரத்திலிருந்து வருவதே அன்று. தத்துப்பூச்சிகளின் இனிப்பான கழிவு அது. அன்றைக்கே ஷாம்பு நீரில் கழுவினால் போய்விடும். விட்டுவைத்தால் அதன்மேல் கரும்பூசணம் படரும். பலாப்பாலுக்குத் தேங்காய் எண்ணெயே போதும் என்பது எல்லா வீட்டுச் சமையலறைக்கும் தெரியும். காரிலும் அதைத்தான் செய்கிறோம், பின்னர் எண்ணெய்ப் பசை போகக் கழுவிவிடுகிறோம். பிளேடு, பாத்திரம் தேய்க்கும் நார், மண்ணெண்ணெய் ஆகியவற்றை எங்கள் ஊழியர் எவரும் தொடுவதில்லை.

தொட்டுப் பார்த்தே எந்த மரத்துப் பிசின் என்று சொல்லிவிடும் எங்கள் மூத்த மாஸ்டர், குடும்பக் காரணங்களால் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டதைப் பலர் விசாரித்தீர்கள். தீபாவளிக்கு அவருக்குத் துணி எடுத்துக் கொடுத்த வாடிக்கையாளர்களும் தங்களில் உண்டு. அந்த அன்பை நாங்கள் மறக்க மாட்டோம். அவரிடம் பழகிய இரு இளைஞர்களே இப்போது இவ்வேலையைச் செய்கிறார்கள். கைவேகம் சற்றுக் குறைவு, கவனத்தில் குறைவில்லை.

இனி வண்டியை வேலைக்கு எடுத்துக்கொள்ளும்போதே கறைகளைத் தங்கள் முன்னிலையில் படம் எடுத்து, மறுபெயிண்ட் அடித்த பகுதிகளைக் கேட்டுக் குறித்துக்கொள்வோம். தண்ணீர் லாரிக் கட்டணமும் மைக்ரோஃபைபர் துணியின் விலையும் ஏறியிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆகவே வரும் மாதம் முதல் பிசின் நீக்கம் வாட்டர் வாஷில் சேராது, முன்பதிவின்பேரில் 400 ரூபாயிலிருந்து தனியே செய்து தரப்படும்.

படத்தைப் பார்த்தவுடன் எங்களை அழைத்து "நீங்கள் அப்படிச் செய்திருக்க மாட்டீர்கள்" என்று சொன்ன அத்தனை பேருக்கும் மனமார்ந்த நன்றி. கார்மேல் பிசின் விழுந்திருப்பதைக் கண்டால், எங்களிடம் கொண்டுவர ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்; வண்டி நிழலில் ஆறியபின் ஈரத்துணியைப் போட்டு வையுங்கள், நகத்தால் மட்டும் சுரண்டாதீர்கள்.

என்றும் தங்கள் அன்புள்ள,
உரிமையாளர்