முடங்காத சம்பளம்

ஆசிரியருக்கு,

அரசின் செலவு மசோதா நிறைவேறாததால் 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை நீடித்த அமெரிக்க அரசு முடக்கத்தைக் கட்சிகளின் பலப்பரீட்சையாகவே பலரும் எழுதுகிறார்கள். நியூஜெர்சியில் குடித்தனம் நடத்தும் எனக்கு அது பக்கத்து வீட்டுக் கவலையாகத்தான் தெரிந்தது. அங்கே குடியிருக்கும் பெண் விமான நிலையத்தில் பயணிகளைச் சோதனை செய்பவர். விடியுமுன் வழக்கம்போல் வேலைக்குக் கிளம்பினார். சம்பளம் மட்டும் வரவில்லை. முடக்கம் முடிந்ததும் பாக்கியைக் கொடுத்தாக வேண்டும் என்று 2019-இல் இயற்றிய சட்டம் இருக்கிறது. வாடகை கேட்பவர் அதுவரை பொறுப்பாரா?

நவம்பரில் உணவு உதவித் தொகையும் தடைப்பட்டது. ஏறத்தாழ 4 கோடியே 20 லட்சம் பேர் நம்பியிருக்கும் திட்டம் அது. எங்கள் ஊர் உணவு வங்கிக்கு நாங்களும் அரிசி, பருப்பு கொண்டுபோனோம். (ஊறவைக்கத் தேவையில்லாத டப்பாக் கடலைக்குத்தான் அங்கே கிராக்கி.)

மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிக்கச் சொல்லி ஜனநாயகக் கட்சியினர் பிடிவாதம் பிடித்ததில் நியாயம் உண்டு என்பது என் எண்ணம். ஆனால் அந்த மசோதாவுக்கு நாடாளுமன்ற மேலவையான செனட்டில் தேவையான 60 வாக்கு சேராமல் இழுபட்ட அந்த 43 நாட்களிலும் நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளத்துக்குக் குறைவில்லை. பதவிக்காலத்தின் நடுவே அதை மாற்ற அரசியல் சாசனத்தின் 27-ஆவது திருத்தம் இடம் தராதாம். அப்படியானால் அடுத்த தேர்தலுக்குப் பிறகு நடைமுறைக்கு வரும்படி இப்போதே ஒரு சட்டம் இயற்றட்டும்: அரசு முடங்கினால் அவர்கள் சம்பளமும் முடங்கும் என்று.

ஒரு வாசகி,
எடிசன், நியூஜெர்சி