விழித்திரை ஸ்கேனும் முதுமை மறதியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விழித்திரையில் தோன்றும் மாற்றங்கள் முதுமையில் வரும் அறிவாற்றல் குறைவை முன்கூட்டியே காட்டக்கூடும் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செய்தி சரியானதே. ஆனால் அதைப் படித்த பிள்ளைகள் சிலர், "அம்மாவுக்கு ஓசிடி என்ற விழித்திரை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா?" என்று எங்கள் வண்ணாரப்பேட்டைப் பக்கம் கேட்கத் தொடங்கியிருப்பதால் இதை எழுதுகிறேன்.

விழித்திரை, கருவில் மூளையிலிருந்து கிளைத்து வளரும் பகுதி. ஆகவே மூளை நரம்பணுக்கள் நலியும்போது விழித்திரையின் நரம்பிழை அடுக்கும் மெலியக்கூடும் என்ற கருத்துக்கு அடிப்படை உண்டு. 1991-ல் அறிமுகமான ஓசிடி முறை, கண்ணைத் தொடாமல் ஒளியைக் கொண்டே அந்த அடுக்கின் தடிமனை மைக்ரான் கணக்கில் அளந்துவிடுகிறது. மக்களின் உடல்நலத் தகவல்களைத் திரட்டும் பிரிட்டனின் 'யூகே பயோபேங்க்' திட்டத்தில் 32,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், அடுக்கு மெலிந்திருந்தவர்கள் நினைவாற்றல், சிந்தனைச் சோதனைகளில் பின்தங்கியிருந்தனர்.

ஆனால் அந்த ஆய்வு, கண்நோயும் சர்க்கரை நோயும் உள்ளவர்களை விலக்கிவிட்டு நடத்தப்பட்டது. கண் நரம்பைப் பாதிக்கும் கிளாக்கோமா நோய் வந்தாலும் மெலிவது இதே அடுக்குத்தான். கிட்டப்பார்வை மிகுந்தவர்களுக்கும் அளவு குறைவாகவே காட்டும். வயது ஏறுவதாலேயே சிறிது குறையும். தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ சர்க்கரையும் கண் தொல்லையும் சேர்ந்திருக்கும் ஒரு பெரியவரின் ஸ்கேன் தாளை வைத்துக்கொண்டு, இவருக்கு டிமென்ஷியா எனும் முதுமை மறதி நோய் வரும், வராது என்று எந்த மருத்துவரும் சொல்ல இயலாது. ஆயிரக்கணக்கானோரின் சராசரியில் தெரிந்த வேறுபாட்டை ஒருவர் தலையில் தீர்ப்பாக ஏற்றுவது, அந்தக் குடும்பத்துக்கு இழைக்கும் கொடுமை என்றே கருதுகிறேன்.

கட்டுரை தொடாமல் விட்ட மறுபக்கம்தான் நமக்கு உடனே பயன்படக்கூடியது. கண்புரை முற்றிய பாட்டி எதிர்வீட்டுக்காரரை அடையாளம் காணத் தடுமாறினால் "ஞாபகம் போய்விட்டது" என்று வீட்டில் முடிவுகட்டிவிடுகிறார்கள். மருத்துவமனையில் செய்யும் நினைவுச் சோதனையிலும் எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்வது, படத்தைப் பார்த்து வரைவது போன்றவை உண்டு. பார்வை மங்கியவர் அறிவு தெளிவாக இருந்தும் அவற்றில் மதிப்பெண் இழப்பார். பார்வை குறைந்தால் வெளியே போவதும் நாலு பேரோடு பேசுவதும் குறைந்து, அதுவே மூளையையும் பாதிக்கலாம். 2022-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, புரை அறுவை செய்துகொண்டவர்களிடம் டிமென்ஷியா ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாகக் கண்டதாகச் சொன்னது. அறுவைதான் காரணம் என்று அது நிறுவிவிடவில்லை. எனினும் 2024-ல் 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம், டிமென்ஷியாவுக்கான மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் ஒன்றாகக் கவனிக்கப்படாத பார்வைக் குறைவையும் சேர்த்தது.

ஆகவே ஸ்கேனுக்குச் செலவிட நினைப்பவர்கள், முதலில் பெரியவரைக் கூட்டிச்சென்று சொட்டுமருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதித்து, புரை இருந்தால் அகற்றிக் கண்ணாடி போட்டுவிடட்டும். மறதி அதன்பிறகும் தொடர்ந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கலாம்; வடசென்னைக்கு ஸ்டான்லி மருத்துவமனையில் கண், நரம்பியல் ஆகிய இரு பிரிவுகளுமே உள்ளன. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரையோடு வீடு தேடி வரும் ஊழியர்கள், கடைசியாகக் கண் பரிசோதனை செய்துகொண்டது எப்போது என்பதையும் நினைவு பற்றிய இரண்டொரு கேள்விகளையும் கேட்டுக் குறித்துக்கொள்ள அரசு வழிசெய்ய வேண்டும். இதையும் தாங்கள் ஒரு கட்டுரையாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண் மருத்துவ உதவியாளர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.